கேட்டவன் குரல்

2019ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறைக்குச் சென்னையிலிருந்து திருச்சிக்கு வந்த என் மகள் வயிற்றுப் பேத்தி, வாசலில் சாத்தியிருந்த கரும்பை ஏறெடுத்தும் பாராமல், பையிலிருந்து ஒரு மடக்கு முக்காலியையும், சட்டைக் காலரில் செருகிக்கொள்ளும்படியான நகத்தளவு ஒலிவாங்கி ஒன்றையும் எடுத்து என் சாய்வு நாற்காலியின் கைப்பிடிமேல் வைத்து, "தாத்தா, ஏழு நிமிஷப் படம் ஒண்ணு எடுக்கணும், நீங்கதான் கேள்வி கேக்கணும்" என்றாள். அவள் காட்சித் தொடர்பியல் படிப்பவள், இரண்டாம் ஆண்டு. நேர்காணல்களை மட்டுமே கோத்து ஒரு குறும்படம் செய்து வரவேண்டும், குறைந்தது ஐந்து முகங்களாவது அதில் பேசவேண்டும், ஏழு நிமிஷத்துக்கு மேல் ஒரு விநாடி போனாலும் மதிப்பெண் குறைக்கப்படும் என்பவை அவர்களுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகள். விஷயத்தை மாணவர்களே தேர்ந்துகொள்ளலாமாம். அவள் தேர்ந்துகொண்ட விஷயத்தைக் கேட்டதும், அடுப்பங்கரையிலிருந்த என் மனைவி வெண்கலப் பானையைத் துலக்குவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். மரபணுவைத் திருத்தி, வேண்டியபடி பெற்றெடுக்கும் குழந்தைகள்!

விஷயம் அப்போது சூடாகத்தான் இருந்தது. அதற்கு ஏழு வாரங்களுக்கு முன்னர், 2018 நவம்பர் 25ஆம் தேதி, சீன தேசத்து ஷென்ஜென் நகரில் ஹே ஜியான்குய் என்ற விஞ்ஞானி, கரு நிலையிலேயே மரபணு திருத்தப்பெற்ற இரட்டைப் பெண் குழந்தைகளை உலகுக்குக் கொண்டுவந்துவிட்டார் என்ற செய்தி வெளிப்பட்டு, விஞ்ஞான உலகம் முழுவதையும் திடுக்கிடச் செய்திருந்தது. லுலு, நானா என்பவை அக்குழந்தைகளுக்கு இடப்பட்ட புனைபெயர்கள். எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் கிருமி நம் ரத்த அணுக்களுக்குள் புகுவதற்கு வாசலாகப் பயன்படுத்தும் புரதம் ஒன்றை சிசிஆர்5 என்ற மரபணு உண்டாக்குகிறது. ஐரோப்பியரில் சிலருக்குப் பிறவியிலேயே அந்த மரபணுவில் 32 எழுத்துகள் குறைந்திருப்பதால் அந்த வாசல் அவர்களிடம் அடைபட்டே இருக்கிறது. அதைப்போல இந்தக் குழந்தைகளிடமும் வாசலை அடைத்துவிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஆயினும் அடைபட்டது ஐரோப்பியரிடம் உள்ளபடியே அடைபடவில்லை என்பதும், இரட்டையரில் ஒரு பெண்ணுக்கு மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று திருத்தமில்லாமலே நின்றுவிட்டது என்பதும் பிற்பாடு தெரிந்தன. இவற்றையெல்லாம் என் பேத்தி கைபேசியை என் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஒரு வாத்தியாரம்மாளைப்போல எனக்குப் போதித்தாள். அந்த விஞ்ஞானி யூடியூபில் வெளியிட்டிருந்த படத்தையும் காட்டினாள். அழகாகப் பேசுகிறார்; புன்னகை செய்கிறார்; நேரே நம் முகத்தைப் பார்த்தே பேசுகிறார். என் கண்ணில் முதலில் பட்டது வேறொன்று: அவரிடம் கேள்வி கேட்பவர் என்று ஒருவரும் அங்கே இல்லை.

இப்படி ஒரு சங்கதி என் கண்ணில் படுவதற்குக் காரணம் என் தொழில். முப்பத்தைந்து ஆண்டுகள் வானொலியில் நிகழ்ச்சி தயாரித்துக் காலம் கழித்தவன் நான். தோளில் மாட்டிக்கொள்ளும் ஊஹர் ஒலிப்பதிவுப் பெட்டியைச் சுமந்துகொண்டு லால்குடியிலும் முசிறியிலும் வாய்க்கால் வரப்புகளில் நடந்து, நெல்லுக்கு என்ன விலை கிடைத்தது என்பதிலிருந்து மருமகள் எப்படி என்பது வரைக்கும் ஜனங்களைக் கேட்டுக் கேட்டு, இரவில் நிலையத்துக்குத் திரும்பி, நாடாவைப் பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டி, அவர்களுடைய இருமலையும் 'வந்து'வையும் குப்பைக்கூடையில் சேர்த்தவன். அந்தக் கூடையில் நான் ஒருநாளும் போடாதது கேள்வி ஒன்றுதான். கேள்வி அசட்டுத்தனமாக இருந்தாலும், என் குரல் கம்மியிருந்தாலும், அது நாடாவிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடுவேன். அந்தப் பிடிவாதம் எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

1978 ஜூலை 25ஆம் தேதி இங்கிலாந்தில் ஓல்டாம் என்ற ஊரில் லூயிஸ் பிரௌன் பிறந்தாள். தாயின் உடலுக்கு வெளியே கருத்தரித்துப் பிறந்த முதல் மானிடக் குழந்தை. அப்போது என் மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. மகளிர் நிகழ்ச்சிக்காகப் பெண்களின் அபிப்பிராயத்தைச் சேகரித்து வரும்படி எனக்கு உத்தரவாயிற்று. பத்திரிகைகள் எல்லாம் 'சோதனைக் குழாய்க் குழந்தை' என்று எழுதிக்கொண்டிருந்தபடியால் நானும் அந்தப் பெயரையே சொல்லிக் கேட்டேன். மண்ணச்சநல்லூர்ப் பக்கத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், முகத்தில் ஆவி படிய நிமிர்ந்து, "குழாய்க்குள்ள பத்து மாசமா? மூச்சு முட்டாதாய்யா அதுக்கு?" என்று பதறிப்போனாள். உண்மையில் குழாயே அங்கில்லை. ஒரு சிறு கண்ணாடித் தட்டில் கருமுட்டையும் விந்தணுவும் கூடி, இரண்டரை நாள் அளவில் அந்தக் கரு தாயின் கருப்பைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்று நான் பேட்டி கண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் குழந்தைக்காகப் பரிதாபப்பட்டதற்கும், ஓரிருவர் அருவருப்படைந்ததற்கும், விஞ்ஞானம் காரணமன்று. நான் சொன்ன 'குழாய்' என்ற சொல்தான் காரணம். என் கேள்வியை நீக்கிவிட்டு அந்த அம்மாளின் பதிலை மாத்திரம் ஒலிபரப்பியிருந்தால், கேட்பவர்கள் அவளை அறிவிலி என்று எண்ணிச் சிரித்திருப்பார்கள். அசட்டுத்தனம் என்னுடையது, சிரிப்பு அவளைச் சேர்ந்திருக்கும்.

ஆக, பேத்தியின் வேலைக்குச் சம்மதித்தேன். நிபந்தனை ஒன்றும் போடவில்லை. அது என் பிழை.

முதல் சங்கடம் பெயரிலேயே பிறந்தது. அவள் நோட்டுப் புத்தகத்தில் கேள்விகளை ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தாள். 'டிசைனர் பேபி' என்று தமிழெழுத்தில் எழுதினால் போதும் என்பது அவள் கட்சி. அவளுடன் கேமரா பிடிக்க வந்திருந்த உறையூர்ப் பையனும் அதையே ஆமோதித்தான். 'மரபணு வடிவமைப்புக் குழந்தை' என்று நான் ஒன்று சொன்னேன். நாக்கில் வைக்கும்போதே அது பாடப்புத்தகமாகிவிட்டது. எதற்கு வாதம், மூன்று விதமாகவும் கேட்டுப் பார்ப்போம் என்று மறுநாள் காலை சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் போனோம்.

அங்கே இரண்டு மணி நேரம் நின்றதில் நான் கற்றது என் முப்பத்தைந்து வருஷ அனுபவத்தில் கற்றதற்குக் குறைந்ததன்று. "மரபணு வடிவமைப்புக் குழந்தை பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்றால், ஜனங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு லால்குடி வண்டியைத் தேடினார்கள். "பிறப்பதற்கு முன்பே கருவில் திருத்தம் செய்து, பரம்பரை நோய் வராமல் தடுக்க முடியும் என்றால் செய்யலாமா?" என்றால், பூக்காரி முதல் வக்கீல் வரைக்கும் ஒருவர் பாக்கியில்லாமல், "அவசியம் செய்யணும்" என்றார்கள். அதையே சற்று மாற்றி, "நிறம், உயரம், மூளை எல்லாவற்றையும் நம் விருப்பப்படி செய்து குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?" என்றால், "அதெப்படிங்க, அது ஆண்டவன் கொடுக்கிறதில்ல!" என்று அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவரிடம், முதலில் நோயைக் கேட்டுச் சம்மதம் வாங்கி, பத்து நிமிஷம் கழித்து வேறு பக்கமாக வந்து விருப்பத்தைக் கேட்டு மறுப்பும் வாங்கினேன். மனிதர் ஒருவரே, தார் ஒன்றே, விஞ்ஞானமும் ஒன்றே. "என்ன சார், ரெண்டு பரீட்சையா?" என்று அவர் சிரித்தாரே ஒழியக் கோபித்துக்கொள்ளவில்லை.

அங்கிருந்து பெரிய கடைவீதிக்குப் போனோம். அங்கே போகவேண்டும் என்று சொன்னவன் நானே. கர்ப்பிணிக்குக் குங்குமப்பூவைப் பாலில் கலந்து கொடுத்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்னும் நம்பிக்கையை விடப் பழமையான வடிவமைப்பு நம் நாட்டில் வேறென்ன இருக்கிறது? நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருவர், எங்கள் கேள்வி முழுவதையும் பொறுமையாகக் கேட்டு, "சார், சிருஷ்டியில கை வைக்கிறது பாவம். வெள்ளைக்காரன் செய்வான், சீனாக்காரன் செய்வான், நம்மளுக்கு அது ஆகாது" என்று உறுதியாகச் சொல்லிக்கொண்டே, கல்லாவுக்கு எதிரில் நின்ற ஒரு மாமியாருக்குச் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் டப்பாவில் காஷ்மீரக் குங்குமப்பூவை இடுக்கியால் இழை இழையாக எடுத்து வைத்தார். டப்பாவை வாங்கியவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஒரிஜினல்தானே? ஆறாம் மாசம் நடக்குது" என்றாள். உறையூர்ப் பையன் அந்த இடுக்கியை நெருக்கத்தில் படமெடுத்துக்கொண்டான். கெட்டிக்காரப் பையன்.

அந்தத் தெருவோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1978இல் என் தாயார் இதே வீதியில்தான் என் மனைவிக்குக் குங்குமப்பூ வாங்கினாள். மார்கழியில் மகள் பிறந்தாள், என் நிறம். என் தாயார் குழந்தையை வெந்நீரில் குளிப்பாட்டிக்கொண்டே நெடுநேரம் யோசித்து, கடைசியில், "கடைக்காரன் கலப்படம் பண்ணிட்டான்" என்று தீர்ப்பளித்தாள். பிறகு சாகும்வரையில் அந்தக் கடை வாசலை அவள் மிதிக்கவில்லை. இதை என் பேத்தி முதல்முறையாக அன்றுதான் கேட்டாள். கேட்டுவிட்டு, தன் முழங்கையை ஒருதரம் பார்த்துக்கொண்டாள். அவளும் எங்கள் நிறமே.

தில்லைநகரில் வைத்திய சாலைகள் நெருங்கியிருக்கும் வீதியொன்றில், குழந்தைப்பேறு சிகிச்சை செய்யும் ஒரு டாக்டரம்மாளைப் பார்த்தோம். அவர் இல்லாவிட்டால் எங்கள் படம் வெறும் அரட்டையாகப் போயிருக்கும். முன்னறையில், கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே தெரிவிக்கப்படமாட்டாது, அது தண்டனைக்குரிய குற்றம் என்ற அறிவிப்புப் பலகையின் கீழ்ப் பத்துப் பன்னிரண்டு தம்பதிகள் ஒருவரையொருவர் பாராமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் முகமும் விழாதபடி கேமராவைத் திருப்பச் சொன்ன பிறகே அம்மையார் பேசத் தொடங்கினார். "சார், நீங்க 'திருத்துறீங்களா'ன்னு கேக்குறீங்க. இந்தியாவுல யாரும் கருவைத் திருத்துறதில்ல. அதுக்கு அனுமதி கிடையாது. நாங்க தேர்ந்தெடுக்கிறோம்" என்று என் முதல் கேள்வியையே ஒடித்துப் போட்டார்.

வித்தியாசம் என்னவென்று கேட்டதற்கு அவர் கூறிய விளக்கத்தை நான் இதுவரை மறக்கவில்லை. பெற்றோர் இருவரும் ஒரே நோயின் பழுதான மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு, அந்தக் குழந்தை நோயோடு பிறக்க இடமுண்டு. அவர்களுடைய கருமுட்டையையும் விந்தணுவையும் ஆய்வகத்தில் சேர்த்து, உருவாகும் கருக்களை ஐந்து நாள் வளர்த்து, பிற்பாடு நஞ்சுக்கொடியாகப் போகிற புறப்பகுதியிலிருந்து சில அணுக்களை மட்டும் கிள்ளியெடுத்துப் பரிசோதித்து, நோயற்ற கருவைத் தாயின் வயிற்றில் வைக்கிறார்கள். கருவைத் தேர்ந்தெடுக்கும் இந்த முறையில் லண்டனில் ஆலன் ஹாண்டிசைட் முதலியோரின் முயற்சியால் 1990இலேயே குழந்தைகள் பிறந்துவிட்டன. இங்கே ஒரு கருவிலும் ஓர் எழுத்துக்கூட மாற்றப்படுவதில்லை. திருத்தம் என்பது வேறு. ஜெனிபர் டௌட்னாவும் இம்மானுவேல் ஷார்ப்பாந்தியேவும் 2012இல் உலகுக்கு அறிவித்த கிரிஸ்பர் என்னும் மூலக்கூற்றுக் கத்தரிக்கோலைக் கருவுக்குள் செலுத்தி, எழுத்தையே மாற்றுவது அது. மாற்றியது அந்தக் குழந்தையோடு நில்லாமல் அதன் சந்ததிக்கும் போகும். கத்தரிக்கோல் வேறிடத்தில் வெட்டிவிட்டால் அந்தத் தவறும் கூடவே போகும். "நிறம், உயரம், புத்தி?" என்று என் பேத்தி பொறுக்கமாட்டாமல் கேமராவுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். டாக்டரம்மாள் சிரித்தார். தலசீமியா போன்ற நோய் ஒரே மரபணுவின் பழுது. உயரம் என்பதோ ஆயிரக்கணக்கான இடங்களிலிருந்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராகச் சேருவது. அதில் எந்த எழுத்தைப் பிடித்துத் திருத்துவது? "கடையில கேக்குற மாதிரி இங்க வந்தும் கேக்குறாங்க. போன வாரம் ஒருத்தர், அவர் டாக்டராம், அவரே கேட்டார்" என்றார். என்ன கேட்டார் என்று நான் கேட்டபோது, சுவரிலிருந்த பலகையை மட்டும் காட்டினார்.

அந்தப் பலகையின் சரித்திரத்தை எங்களுக்குச் சொன்னவர், புத்தூரில் மகன் வீட்டில் இருந்த ஒரு நர்சம்மாள். கிராம சுகாதாரச் செவிலியராகச் சேலம் ஜில்லாவில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெண் சிசுக்களைக் கொல்லாமல் ஒப்படைத்துவிடச் சொல்லி 1992இல் அரசாங்கம் அங்கே தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்த அந்தத் தொட்டிலுக்குத் தினமும் விரிப்பு மாற்றிய கை அவருடையது. வெற்றிலை போட்டு ஊறிய நிதானமான பேச்சு. நோயை நீக்குவது பற்றிக் கேட்டேன், "தாராளமாச் செய்யலாம் சார். புண்ணியமாப் போகும்" என்றார். பிறகு, விருப்பப்படி குழந்தை என்று கேட்டேன். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டார். "நீங்க ஏதோ டிசைன் டிசைன்னு சொல்றீங்க. நான் வேலை பாத்த ஊருங்கள்ல ஜனங்க கேட்டது ஒரே ஒரு டிசைன்தான் சார். ஆம்பளப் புள்ள." அதற்குமேல் நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று தெரிவிப்பதைத் தடுத்த 1994ஆம் வருஷத்துச் சட்டம், 2003இல் அதைக் கருத்தரிப்புக்கு முந்திய தேர்வுக்கும் விரித்த திருத்தம், இவற்றையெல்லாம் பேத்தி பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டாள். அந்த அம்மாள் அவற்றைத் தொட்டிலின் விரிப்பில் தெரிந்துகொண்டிருந்தார்.

ஐந்தாவது முகத்தைத் தேடுவதற்கு மூன்று நாளாயிற்று. தெரிந்தவர்கள் மூலமாக விசாரித்து, ஒரு தாயாரின் சம்மதம் பெற்று, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் பிற்பகலில் அவர் வீட்டுக்குப் போனோம். சொந்த அத்தை மகனைக் கட்டிக்கொண்டவர். பிள்ளைக்குப் பதினொரு வயது, தலசீமியா. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றவேண்டும். ஏற்றிய ரத்தத்தோடு உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றத் தினந்தோறும் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவேண்டும். நாங்கள் போன வேளையில் பையன் அந்தத் தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, அடியில் தங்கிய வெள்ளை மண்டியை விரலால் சுற்றிச் சுற்றிக் கலக்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வாயைத் துடைக்காமல் ஓடிவந்து முக்காலியின் திருகாணிகளைப் பரிசோதிக்கத் தொடங்கினான்.

கேள்வியை எப்படிக் கேட்பது என்று இரவெல்லாம் யோசித்துப் போயிருந்தேன். 'திருத்தியிருப்பீர்களா' என்று கேட்டால் பிள்ளை பிழையாகிவிடுகிறான். 'தடுத்திருப்பீர்களா' என்றால் பிள்ளையே கூடாதென்று ஆகிவிடுகிறது. கடைசியில், டாக்டரம்மாள் சொன்னதை அப்படியே எடுத்துச் சொல்லி, "அப்போதே இந்த வசதி உங்களுக்குத் தெரிந்திருந்தால்?" என்று நிறுத்திவிட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. அந்த வசதி என்ன செய்யும் என்று இன்னொரு தரம் கேட்டுக்கொண்டார். பல கருக்களை உண்டாக்கி, நோயில்லாத ஒன்றை எடுத்து வைப்பார்கள் என்றேன். "அப்ப இவன் வந்திருக்க மாட்டானே. வேற ஒருத்தன் இல்ல வந்திருப்பான்?" என்றார். ஆம் என்றேன். "அவனும் எம்புள்ளையாத்தான் இருந்திருப்பான்; அவனுக்கு ஊசி குத்த வேண்டியிருந்திருக்காது. நல்லதுதான் சார். ஆனா இவனப் பக்கத்துல வச்சிக்கிட்டு அத எப்படிச் சொல்றது?" சொல்லிவிட்டு, பையன் இருந்த திக்கைப் பாராமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சற்றுப் பொறுத்து, தாமாகவே, உறவினர்கள் இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளும்படி நெருக்குவதைச் சொன்னார். அந்தக் குழந்தையின் எலும்பு மஜ்ஜை பொருந்தினால் இவனுக்குக் குணமாகிவிடும் என்று. "ஒருத்தனுக்கு மருந்தா இன்னொண்ணப் பெக்கணுமாம். பெத்தா பொருந்துமான்னும் தெரியாது. பொருந்தலேன்னா அது மூஞ்சிய நான் எப்படிப் பாக்குறது?"

வெளியூர்ப் பதிவுகளில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. பேச்சு முடிந்ததும், யாரும் அசையாமல் பேசாமல், அந்த அறையின் மௌனத்தை மட்டும் ஒரு நிமிஷம் பதிவு செய்துகொள்வது. வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை நிரப்ப அது வேண்டும். ஓர் அறையின் மௌனம் இன்னோர் அறைக்குப் பொருந்தாது. பேத்திக்கு அது வேடிக்கையாக இருந்தாலும் அன்று எடுத்துக்கொண்டாள். கடிகாரம், தெருவில் ஒரு மாட்டின் கழுத்து மணி, குளிர்பெட்டியின் உறுமல். பையனைப் பேசாமல் இருக்கும்படி சொன்னோம். அவன் மூச்சையே அடக்கிக்கொண்டு கன்னம் உப்ப நின்றான்.

பிப்ரவரி முதல் வாரத்தில் பேத்தி சென்னையிலிருந்து படத்தைக் கைபேசிக்கு அனுப்பினாள். பார்த்தேன், என் குரலே அதில் இல்லை. கேள்வி ஒன்றுகூட விடாமல் நீக்கிவிட்டு, பதில்களை மட்டும் மாலையாகத் தொடுத்திருந்தாள். கறுப்புத் திரையில் வெள்ளையெழுத்து: 'விருப்பம்போல் ஒரு குழந்தை?' அதையடுத்து நிறம், உயரம் பற்றி டாக்டரம்மாள். அவர் முடித்ததும், வெற்றிலை வாயோடு நர்சம்மாள்: "தாராளமாச் செய்யலாம் சார். புண்ணியமாப் போகும்."

என் வாழ்நாளில் அவ்வளவு கோபமாக நான் தொலைபேசியில் பேசியதில்லை. "உலகத்துல எல்லாரும் கேள்வியை வெட்டித்தான் தாத்தா போடுறாங்க. கேக்குறவர் குரல் வந்தா பழைய தூர்தர்ஷன் மாதிரி இருக்கும்னு எங்க கிளாஸ்ல சொல்லியிருக்காங்க" என்று அவள் வாதாடினாள். அந்த அம்மாள் எதற்குச் 'செய்யலாம்' என்றார் என்று கேட்டேன். நோய்க்கு என்று ஒப்புக்கொண்டாள். தெரியாமல் இடம் மாறிவிட்டது, மாற்றிவிடுகிறேன் என்றாள். இடத்தை மாற்றினால் போதாது என்றேன். "ஷென்ஜென்ல அந்தத் தம்பதிகள் கையெழுத்துப் போட்ட சம்மதப் பத்திரத்தில என்ன தலைப்பு இருந்ததுன்னு நீதானே எனக்குப் படிச்சுக் காட்டினே?" மறுமுனையில் மௌனம். எய்ட்ஸ் தடுப்பூசி உருவாக்கத் திட்டம் என்று அந்தத் தலைப்பு இருந்தது. தந்தைமார்களுக்குக் கிருமி இருந்தது, தாய்மார்களுக்கு இல்லை. விந்தணுவைக் கழுவிச் சுத்தப்படுத்திக் கருத்தரிக்கச் செய்தாலே குழந்தைக்குக் கிருமி வராது என்பதும் மருத்துவ உலகம் அறிந்ததுதான். அவர்களிடம், 'உங்கள் குழந்தைகளின் மரபணுவை, இதுவரை எவரும் செய்யாத விதமாக, சந்ததி சந்ததியாகத் தொடரும்படி மாற்றிப் பார்க்கலாமா?' என்று தலைப்பிட்டுக் கேட்டிருந்தால் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்? யூடியூபில் கேட்பவர் யாருமின்றிப் புன்னகையோடு பேசிய அதே மனிதர், மூன்று நாள் கழித்து ஹாங்காங்கில் நடந்த மகாநாட்டு மேடையில் விஞ்ஞானிகளின் கேள்விகளுக்கு முன்னால் நிற்க நேர்ந்தபோது, வேறொரு கர்ப்பமும் ஆரம்ப நிலையில் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டார். கேட்டார்கள், ஆகவே வெளிவந்தது.

இவ்வளவையும் தொலைபேசியில் ஒரு பேத்தியிடம் கொட்டியிருக்க வேண்டாம். அவள் அழுதாளோ என்னவோ, "சரி தாத்தா" என்று வைத்துவிட்டாள். என் மனைவி, "குழந்தை படிப்புக்குச் செய்யுது, நீங்க ஹாங்காங் வரைக்கும் போயிட்டீங்க" என்றாள். உண்மைதான்.

இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். கேள்வி எல்லாவற்றையும் சேர்த்தால் படம் ஒன்பது நிமிஷம் நாற்பது விநாடி ஆகிறதாம். ஏழுக்குள் வரவேண்டும். இருவருமாக உட்கார்ந்து, அவள் அங்கே கணினியிலும் நான் இங்கே காதிலுமாக, நாலு இரவு வெட்டினோம். சத்திரம் பேருந்து நிலையத்தில் முக்கால் பங்கு போயிற்று. வாழைத்தார்க்காரர் மாத்திரம், இரண்டு கேள்வியோடும் இரண்டு பதிலோடும், அவர் சிரிப்போடும் நின்றார். மருந்துக் கடைக்காரருக்குக் கேள்வி தேவைப்படவில்லை. அவருடைய இடுக்கி போதும் என்றாள், ஒப்புக்கொண்டேன். நர்சம்மாளின் இரண்டு பதில்களுக்கும் முன்னால் என் கரகரத்த குரல் வந்தது. அந்தத் தாயாரிடம் நான் கேட்டது மிக நீளமாக இருந்தபடியால், அதை வைப்பதா, கடைவீதியில் பதிவாகியிருந்த என் குங்குமப்பூக் கதையை வைப்பதா என்ற நிலை வந்தது. குங்குமப்பூக் கதையை நானே வெட்டச் சொன்னேன். என் தாயாரும் அவளுடைய கலப்படத் தீர்ப்பும் அப்படியாகப் படத்தில் இடம் பெறாமல் போயின. மொத்தம் ஆறு நிமிஷம் ஐம்பத்தெட்டு விநாடி.

நூற்றுக்கு அறுபத்தொன்பது கிடைத்தது. மதிப்பிட்டவர் தாளின் ஓரத்தில், விஷயத் தெரிவு நன்று, நெருக்கக் காட்சிகள் நன்று, கேள்வி கேட்பவரின் குரலை நீக்கியிருக்கலாம் என்று எழுதியிருந்தாராம். பேத்தி அதைப் படித்துக் காட்டிவிட்டு, நான் என்ன சொல்வேனோ என்று காத்திருந்தாள். அறுபத்தொன்பது நல்ல மார்க் என்றேன்.

அந்த ஆண்டு முடிவதற்கு ஒரு நாள் இருக்கும்போது, டிசம்பர் 30ஆம் தேதி, ஷென்ஜென் நீதிமன்றம் ஹே ஜியான்குய்க்கு மூன்றாண்டுச் சிறையும் முப்பது லட்சம் யுவான் அபராதமும் விதித்தது என்ற செய்தியைப் படித்தேன். மூன்றாவது குழந்தையும் பிறந்துவிட்டது என்பது அந்தச் செய்தியோடு உறுதியாயிற்று. அன்றிரவு, பேத்தி ஒரு சிறு சேமிப்புக் குச்சியில் போட்டுக் கொடுத்திருந்த எங்கள் படத்தைத் தொலைக்காட்சிப் பெட்டியில் செருகி, நானும் மனைவியும் மறுபடியும் பார்த்தோம். பெரிய பெட்டியின் ஒலியில்தான் அதுவரைக்கும் நாங்கள் யாரும் கவனியாத ஒன்று கேட்டது. தாயார் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கும் இடத்தில், இடைவெளியை நிரப்ப அந்த அறையின் மௌனத்திலிருந்து ஒரு துண்டைப் பேத்தி ஒட்டியிருந்தாள். கடிகாரத்தின் டிக் டிக், மாட்டின் மணி, குளிர்பெட்டி. அவற்றுக்கு அடியில், அடக்கிய மூச்சு தாளாமல் வெடித்த பையனின் கிசுகிசு: "முடிஞ்சிருச்சா?"

"உஷ்" என்கிறாள் தாய்.

மனைவி ஒலியைக் கூட்டி, அந்த இடத்தை இன்னொரு தரம் போடச் சொன்னாள்.